குழாய் வளையாது, ஸ்பீக்கர்தான் வளைய வேண்டும்: கலப்பு ஆர்கன் வாசிப்பவருக்கு ஒரு வழிகாட்டி

கலப்பு ஆர்கன் முன்னால் புதிதாக உட்காருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "இதில் எந்த ஸ்டாப் குழாய், எந்த ஸ்டாப் ஸ்பீக்கர்?" என்றுதான். ஸ்டாப் என்பது ஒரு ஒலிவரிசையைப் பேச வைக்கும் இழுப்புக் குமிழ். தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்தான். ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: இன்றைக்குக் குழாய்கள் எந்தச் சுருதியில் நிற்கின்றன? இதற்கு விடை தெரியாமல் ஸ்டாப்பில் கை வைத்தால், நீங்கள் எவ்வளவு நன்றாக வாசித்தாலும் பின்வரிசையில் இருப்பவர் காதில் இரண்டு ஆர்கன்கள் சண்டை போடுவதுதான் கேட்கும்.

கலப்பு ஆர்கனில் கன்சோல், அதாவது வாசிப்பவர் உட்காரும் மேசை, ஒன்றுதான். அதற்குள் டிஜிட்டல் ஒலி, அது வெளியே வர ஸ்பீக்கர்கள். அதே கட்டைகளை அழுத்தினால் பேசும் சில வரிசை நிஜக் குழாய்களும் பக்கத்தில் ஓர் அறையிலோ சுவரை ஒட்டியோ நிற்கும். நான் வாசிப்பதில் இரண்டு மேனுவல் (கையால் வாசிக்கும் கட்டைவரிசை; ஒன்று கிரேட், இன்னொன்று ஸ்வெல்), காலால் வாசிக்கும் 32 கட்டைப் பெடல், குழாய் வரிசை ஆறு. அடி என்பது கீழ் சி குழாயின் நீளக் கணக்கு; அது பாதியானால் ஒலி ஒரு ஆக்டேவ் (ஸ்தாயி) மேலே. 8 அடி, 4 அடி, 2 அடி பிரின்சிபல்கள் (ஆர்கனின் அடிப்படைக் குரல்), மூடிய ஃப்ளூட் ஒன்று, இரண்டு வரிசை மிக்ஸ்சர் (உச்ச ஸ்வரங்களின் கூட்டு). எல்லாம் கிரேட் மேனுவலுக்குச் சேர்ந்தவை. ஸ்வெல்லில் உள்ள ஸ்டிரிங்குகள் (தந்தி வாத்தியக் குரல்), ரீடுகள் (நாக்கு அதிர்ந்து பேசுபவை), பெடலின் 16 அடி, 32 அடி எல்லாம் ஸ்பீக்கரிலிருந்துதான்.

இந்தப் பங்கீடு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும், அதற்குக் காரணமும் உண்டு. 32 அடி ஸ்டாப்பின் கீழ் சி கட்டைக்குத் திறந்த குழாய் வேண்டுமென்றால் குழாயே ஏறக்குறைய 32 அடி உயரம். அதை நிறுத்த எத்தனை கட்டடத்தில் இடம் இருக்கும்? ரீடு குழாய்கள் அவ்வளவு இடம் கேட்காது, ஆனால் அடிக்கடி சுருதி கேட்கும். ஆகவே உயரமும் பராமரிப்பும் கேட்கிறவை டிஜிட்டலுக்குப் போகின்றன. காதுக்கு நேராக வந்து நிற்கும் பிரின்சிபல் குடும்பம் குழாய்களுக்கு வருகிறது. நல்ல பிரின்சிபல் குழாய் நாலு வரிசை இருந்தாலே சபை பாடும்போது மூச்சு வந்துவிடும் என்பது என் அபிப்பிராயம். ஸ்பீக்கரே வேண்டாம் என்கிற சுத்தக்காரர்களோடும், குழாய் எதற்கு என்கிறவர்களோடும் எனக்கு வாதம் இல்லை. எனக்கு வாசிக்கக் கிடைத்திருப்பது இரண்டும் சேர்ந்த வாத்தியம், அதை ஒழுங்காக ஓட்ட வேண்டும், அவ்வளவுதான்.

வெப்பம் செய்கிற வேலை

குழாயின் நீளம் மாறுவதில்லை. அதற்குள் இருக்கும் காற்றில் ஒலி ஓடும் வேகம் மாறுகிறது. காற்று சூடானால் ஒலி வேகமாக ஓடும், சுருதி ஏறும். கணக்கு எளிது: ஒரு டிகிரி செல்சியஸுக்கு ஏறக்குறைய 3 சென்ட். அரை ஸ்வரம் என்பது 100 சென்ட். 20 டிகிரியில் 440 ஹெர்ட்ஸ் பேசிய ஏ குழாய், 26 டிகிரியில் கிட்டத்தட்ட 444.5 ஹெர்ட்ஸ் பேசும். டிஜிட்டல் பக்கமோ குளிரானாலும் வெயிலானாலும் 440-லேயே உட்கார்ந்திருக்கும். இரண்டையும் சேர்த்துப் பிடித்தால் நொடிக்கு நாலரை விம்மல், அதாவது ஒலி எழுந்து தணியும் அலை. அதே வித்தியாசம் இரண்டு ஆக்டேவ் மேலே போனால் நொடிக்குப் பதினெட்டு; அங்கே விம்மல் என்று கேட்காது, கரகரப்பு என்று கேட்கும். "இன்றைக்கு ஆர்கன் ஏதோ தகரம் மாதிரி இருந்தது" என்று யாராவது சொன்னால் பெரும்பாலும் இதுதான் காரணம்.

440 என்ற எண்ணும் கல்லில் பொறித்தது கிடையாது. 1939-இல் லண்டனில் கூடிய மாநாட்டில் பரிந்துரைத்து, பின்னால் சர்வதேசத் தர அமைப்பான ஐ.எஸ்.ஓ.வின் தரமாக ஆனது. பிரான்ஸில் 1859-இல் சட்டமாக வைத்தது 435. பழைய குழாய்களை எடுத்துப் புது கன்சோலோடு சேர்த்திருந்தால் அவை எந்தக் கணக்கில் செய்யப்பட்டவை என்று பார்த்துவைக்க வேண்டும். 435-க்கும் 440-க்கும் இடையே ஏறக்குறைய 20 சென்ட். வெப்பம் செய்யும் வித்தியாசம் இதன் மேல் ஏறி உட்காரும்.

ஆகவே விதி ஒன்றுதான். குழாய்களை ஸ்பீக்கருக்குச் சுருதி சேர்க்க நினைக்காதீர்கள். நூற்றுக்கணக்கான குழாய்களை ஒவ்வொரு ஆராதனைக்கும் யார் திருப்பிக்கொண்டிருப்பது? கச்சேரியில் எல்லோரும் தம்புராவுக்குச் சேர்ந்துகொள்வது மாதிரி, டிஜிட்டலைக் குழாய்க்குச் சேர்க்க வேண்டும். அதற்கென்றே கன்சோலில் டியூனிங் குமிழோ மெனுவோ இருக்கும். சில தயாரிப்புகளில் குழாய் அறைக்குள் ஒரு வெப்ப உணரி வைத்து, கன்சோல் தானாகவே சுருதியை நகர்த்திக்கொள்ளும். இருந்தாலும் காதால் ஒருமுறை சரிபார்க்காமல் நான் ஆரம்பிப்பதில்லை. உணரி அது இருக்கும் இடத்தின் வெப்பத்தைத்தான் சொல்லும். மேலே கூரைக்குப் பக்கத்தில் நிற்கும் குழாயின் வெப்பம் அதற்குத் தெரியாது.

போடும் வரிசை

முதலில் கன்சோலைப் போடுங்கள். அதன் கணினி விழித்து விளக்குகள் நிலைக்கு வரும்வரை எந்தக் கட்டையையும் தொடாதீர்கள். எல்லா ஸ்டாப்பையும் ஒரேயடியாக அணைக்கும் ஜெனரல் கேன்சல் பொத்தானை அழுத்தி ஸ்டாப்புகளை எல்லாம் உள்ளே தள்ளுங்கள். அதற்குப் பிறகு ப்ளோயர், அதாவது குழாய்களுக்குக் காற்று ஊதும் விசிறி. இந்த வரிசையை நான் பிடிவாதமாக வைத்திருப்பதற்குக் காரணம், குழாய்களின் வால்வுகளைத் திறக்கும் காந்தங்களை இயக்கும் பலகைகள் கன்சோலின் கட்டளையை எதிர்பார்த்து நிற்பவை. கன்சோல் தூங்கும்போது காற்று ஏறினால், சில அமைப்புகளில் இஷ்டத்துக்கு ஒரு குழாய் கத்தும். உங்கள் வாத்தியத்தின் கையேடு வேறு வரிசை சொன்னால் அதைக் கேளுங்கள்.

ப்ளோயர் ஓட ஆரம்பித்ததும் துருத்தி எழும் சத்தத்தைக் கவனியுங்கள். எழுந்து, நின்று, அமைதியாக வேண்டும். அதன் பிறகும் பத்துப் பதினைந்து நிமிடம் விடுங்கள். ப்ளோயர் வேறு அறையிலிருந்து காற்றை இழுத்தால் அந்தக் காற்றின் வெப்பம் வேறு. காற்றுப்பெட்டிகளுக்குள் அது நிரம்பி நிலைக்கு வரும்வரை சுருதி நகர்ந்துகொண்டே இருக்கும். அதற்குள் டியூனிங் குமிழைத் திருப்பினால் இரட்டை வேலை.

சுருதி சேர்ப்பது

கிரேட்டில் குழாய் 8 அடி பிரின்சிபல் ஒன்றை மட்டும் எடுங்கள். டிஜிட்டலிலிருந்து 8 அடி ஃப்ளூட் அல்லது பிரின்சிபல் ஒன்று. செலஸ்ட் கூடாது, அது வேண்டுமென்றே சுருதி விலக்கி வைத்த ஸ்டாப், அதை வைத்துச் சேர்த்தால் எங்கும் சேராது. ஒலியை நடுங்க வைக்கும் ட்ரெமுலன்ட் இரண்டு பக்கமும் அணைந்திருக்க வேண்டும். நடு சி-க்கு மேலே உள்ள ஏ-யை அழுத்திப் பிடித்துக்கொண்டு கேளுங்கள். கட்டையில் சின்ன எடை ஒன்றை வைத்துவிட்டால் இரண்டு கையும் காலியாகும்.

விம்மல் கேட்கும். குமிழை ஒரு பக்கம் மெதுவாகத் திருப்புங்கள். விம்மல் வேகமெடுத்தால் தப்பான திசை, திரும்பி வாருங்கள். மெதுவாகி, நீண்டு, கடைசியில் நின்றுவிடும். நின்றது என்று காது சொன்னதும் இரண்டையும் 4 அடி ஸ்டாப்புக்கு மாற்றுங்கள். அதே கட்டை இப்போது 880 பக்கம் பேசும். மிச்சமிருந்த வித்தியாசம் இரண்டு மடங்கு வேகத்தில் விம்மும், ஆகவே காதுக்குப் பிடிபடும். அதையும் அடக்குங்கள். பிறகு ஒரு ஆக்டேவ் கீழே, ஒரு ஆக்டேவ் மேலே, ஏ அல்லாத இரண்டு மூன்று கட்டைகள் என்று தட்டிப் பாருங்கள். எல்லாக் கட்டையிலும் விம்மல் செத்துவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். குழாய்களுக்குள்ளேயே ஒன்றுக்கொன்று ஓரிரு சென்ட் விலகல் இருக்கும். அந்த விலகல்தான் குழாய் ஒலிக்கு உயிர். பெரும்பாலான கட்டைகளில் அலை மெதுவாக உருண்டால் போதும்.

எந்தக் குழாயை அளவுகோலாக வைப்பது? வெளியே திறந்து நிற்கும் வரிசையை. சில ஆர்கன்களில் ஸ்வெல் பெட்டிக்குள் (சத்தத்தைக் கூட்டிக் குறைக்கக் கதவு வைத்த பெட்டி) இருக்கும் குழாய்களின் வெப்பம் கதவு மூடியிருந்தால் வேறாக இருக்கும். மூடிய ஃப்ளூட்டும் வேண்டாம், அதில் மேல் ஹார்மோனிக்குகள் குறைவு, விம்மல் தெளிவாகக் கேட்காது. ரீடு குழாய் இருந்தால் அதை வைத்து ஒருபோதும் சேர்க்காதீர்கள். ரீடின் சுருதியை அதன் நாக்கின் நீளமே பெரும்பாலும் தீர்மானிக்கிறது, வெப்பத்தில் அது மற்ற குழாய்களைப் போல ஏறுவதில்லை. வெயில் நாளில் "ரீடு இறங்கிவிட்டது" என்று சொல்வார்கள். ரீடு இருந்த இடத்திலேயே இருக்கும், மற்றவைதான் ஏறியிருக்கும்.

ஆலயம் காலியாக இருக்கும்போது சேர்த்த சுருதி, ஆள் நிறைந்ததும் நகரும். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவர் உடம்பிலிருந்து ஏறக்குறைய 100 வாட் வெப்பம் வெளியேறுகிறது. இருநூறு பேர் என்றால் இருபது கிலோவாட் ஹீட்டர் போட்ட கணக்கு. ஆகவே ஆராதனைக்கு முந்திய இசையில் நடுவில் ஓரிடத்தில் மென்மையான ஏ ஒன்றைப் பிடித்து நிறுத்துவேன். சபைக்கு அது ஒரு நீண்ட ஸ்வரம், எனக்கு அது சோதனை. பிரசங்கத்துக்குப் பிறகு வரும் பாடலுக்கு முன்னாலும் முடிந்தால் அப்படி ஒன்று.

மெனுவுக்குள் ஒளிந்திருக்கும் தொல்லைகள்

சுருதி சரியாகச் சேர்த்தும் சில கார்டுகள் (சேர்த்துப் பிடிக்கும் ஸ்வரங்கள்) மட்டும் புளித்தால் டெம்பரமென்ட் அமைப்பை, அதாவது ஸ்வரங்களுக்கு இடையே இடைவெளி பங்கிடும் முறையை, பாருங்கள். டிஜிட்டல் கன்சோல்களில் மீன்டோன், கிர்ன்பெர்கர் என்று பழைய சுருதிமுறைகள் வைத்திருப்பார்கள். யாரோ ஆசைக்கு மாற்றி, திருப்பி வைக்க மறந்திருப்பார்கள். கால்-கமா மீன்டோனில் சி-யைச் சமமாக வைத்தால் அதற்கு மேலுள்ள ஈ, சமசுருதியின் (ஆக்டேவைப் பன்னிரண்டு சம பாகமாக்கும் முறை) ஈ-யைவிட ஏறக்குறைய 14 சென்ட் கீழே. குழாய்கள் சமசுருதியில் இருந்தால் டிஜிட்டலும் அதில்தான் இருக்க வேண்டும். இதில் பேச்சுக்கே இடமில்லை.

ரிவெர்ப். டிஜிட்டல் பக்கத்துக்கு மட்டும் செயற்கை எதிரொலி போட்டால், குழாய் ஆலயத்துக்குள் நிற்கும், ஸ்பீக்கர் வேறு எங்கோ பெரிய கதீட்ரலில் நிற்கும். கார்டை விட்டதும் குழாய் அடங்கிவிடும், ஸ்பீக்கர் மட்டும் வாலை இழுத்துக்கொண்டிருக்கும். நான் முழுவதும் அணைத்துவிடுகிறேன். மிக வறண்ட அறையாக இருந்தால் கொஞ்சம், வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு.

ட்ரெமுலன்ட் இரண்டு பக்கமும் ஒன்றாகப் போடக்கூடாது. குழாய்க்கு அது காற்றைக் குலுக்கும் இயந்திரம், டிஜிட்டலுக்குக் கணக்கு. இரண்டின் வேகமும் ஒத்துப்போகாது. பாட்டின் சுருதியை ஏற்றி இறக்கும் ட்ரான்ஸ்போஸர் ஓரளவு பத்திரமானது. நல்ல அமைப்பில் குழாய்க்கும் சேர்த்துக் கட்டை தள்ளிப் போகும், ஆனால் கடைசிக் கட்டைக்கு அப்பால் குழாய் இல்லாததால் ஓரத்தில் ஒன்றிரண்டு ஸ்வரம் மௌனமாகும். உங்கள் கன்சோல் டிஜிட்டலை மட்டும் நகர்த்துகிற வகை என்றால் விளைவைச் சொல்லவே வேண்டாம். வாசிக்குமுன் ஒரு கட்டையைத் தட்டிச் சோதியுங்கள்.

அளவு பிடிப்பது

கன்சோலில் உட்கார்ந்து காது சொல்லும் சமநிலையை நம்பாதீர்கள். ஸ்பீக்கர் உங்களுக்குப் பக்கத்தில் இருக்கலாம், குழாய் தலைக்கு மேல் இருக்கலாம். சபைக்குக் கேட்பது வேறு. இப்போதைய கன்சோல்கள் பலவற்றில் நீங்கள் வாசித்ததைப் பதிவுசெய்து திருப்பி வாசிக்கும் வசதி இருக்கிறது. அது பதிவது ஒலியை அல்ல, கட்டை அசைவுகளை. ஆகவே திருப்பிப் போட்டால் குழாய்களும் நிஜமாகப் பேசும். ஒரு பாடலின் நாலு அடியைப் பதிந்துவிட்டு, ஓடவிட்டு, எழுந்து பின்வரிசைக்குப் போய் உட்கார்ந்து கேளுங்கள். இந்த ஒரு பொத்தானுக்காகவே டிஜிட்டல் கன்சோலை நான் மன்னிப்பேன்.

கேட்கும்போது வைக்க வேண்டிய சோதனை இது. நண்பர் ஒருவரைக் கன்சோலில் நிறுத்தி, கார்டு ஒலித்துக்கொண்டிருக்கும்போது குழாய்களை அணைக்கச் சொல்லுங்கள். ஒலி மாறியதே தெரியவில்லை என்றால் ஸ்பீக்கர் மிஞ்சி நிற்கிறது. அடுத்து டிஜிட்டலை அணைக்கச் சொல்லுங்கள். அடித்தளம் சற்று மெலிந்தது போல மட்டும் தோன்றினால் சரியான இடத்தில் இருக்கிறீர்கள். குழாய் மட்டும் பேசும் அளவை மாற்ற முடியாது, ஆகவே அதைத்தான் நிலையாக வைத்து ஸ்பீக்கரை ஏற்றி இறக்க வேண்டும். ஸ்பீக்கர் எங்கே இருக்கிறது என்று விரல் நீட்டிக் காட்ட முடிகிற அளவுக்கு ஏற்றினால் அதிகம்.

சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் கால்மிதியான எக்ஸ்பிரஷன் பெடலில் ஒரு சூட்சுமம். திறந்து நிற்கும் குழாய்களுக்கு அந்தப் பெடல் தெரியாது. நீங்கள் மென்மையாக்க நினைத்து மூடினால் டிஜிட்டல் மட்டும் இறங்கும், குழாய் தனியாக வெளியே தெரியும், கலவையே குலைந்துவிடும். என் வழி, கிரேட்டின் பெடலைச் சமநிலை பார்த்த இடத்தில் நிறுத்தி, அந்த இடத்தில் சின்னத் துணிப்பட்டை ஒட்டி அடையாளம் வைத்துவிடுவது. சத்தம் கூட்டிக் குறைக்க வேண்டுமென்றால் ஸ்டாப்பைச் சேர்ப்பேன், எடுப்பேன். ஸ்வெல் முழுக்க டிஜிட்டல் என்பதால் அங்கே பெடலைத் தாராளமாக அசைக்கலாம்.

பெடல் 16 அடிக்கு ஸ்பீக்கர் எப்படி இருக்கிறது என்பதும் சமநிலையில் சேரும். கீழ் சி 8 அடியில் 65 ஹெர்ட்ஸ், 16 அடியில் ஏறக்குறைய 33, 32 அடியில் 16 சொச்சம். சின்ன ஸ்பீக்கரில் கடைசி இரண்டும் காற்றாக மட்டும் வரும். சத்தத்தை ஏற்றினால் அடிப்படை ஸ்வரம் வராது, உறுமல்தான் வரும். நல்ல சப்-ஊஃபர் இல்லாத இடத்தில் 32 அடி ஸ்டாப்பைத் தொடாமல் விடுவதே மரியாதை.

ஸ்டாப் சேர்க்கை

சபைப் பாடலுக்கு நான் கட்டுவது இப்படி. குழாய் 8 அடியும் 4 அடியும் அடிப்படை. அதற்குக் கீழே டிஜிட்டல் 8 அடி ஃப்ளூட் ஒன்று, உடம்பு கொடுக்க. பெடலில் டிஜிட்டல் 16 அடி, கிரேட் டு பெடல் கப்ளர் (கிரேட் ஸ்டாப்புகளைப் பெடலிலும் பேச வைக்கும் இணைப்பு). கப்ளர் போட்டதும் குழாயின் தெளிவு பெடலுக்கும் வந்துவிடும், கால் வாசிப்பது புரியும். சபை பெரிதானால் குழாய் 2 அடி. பாடலின் கடைசி வரியில் மிக்ஸ்சர், அதன்மேல் ஸ்வெல்லிலிருந்து டிஜிட்டல் ட்ரம்பெட் கப்ளர் வழியாக.

இதில் நான் விட்டுக்கொடுக்காத ஒன்று: மேல் ஸ்டாப்புகள் ஒரே பக்கத்திலிருந்துதான் வர வேண்டும். 2 அடியும் மிக்ஸ்சரும் குழாய் என்றால் டிஜிட்டல் 2 அடியும் மிக்ஸ்சரும் உள்ளேயே இருக்கட்டும். ஒரு டிகிரி வெப்பம் மாறினாலே அங்கேதான் முதலில் கரகரக்கும். 8 அடியில் இரண்டும் சேர்ந்து நின்றால் மெல்லிய அலையாக, சில சமயம் அழகாகவே இருக்கும். மிக்ஸ்சரில் அதே வித்தியாசம் கண்ணாடி கீறுவதுதான். ஒரே பெயருள்ள ஸ்டாப்பைக் குழாயிலும் டிஜிட்டலிலும் இரட்டிப்பதிலும் பெரிய லாபமில்லை. குழாய் பிரின்சிபலுக்கு டிஜிட்டல் ஃப்ளூட், குழாய் ஃப்ளூட்டுக்கு டிஜிட்டல் ஸ்டிரிங் என்று வேறு குணத்தைச் சேர்த்தால் இரண்டும் கரைந்து ஒன்றாகும்.

தனி மெல்லிசைக்கு, டிஜிட்டல் ஓபோ வலது கையில், குழாய் ஃப்ளூட் இடது கையில். துணைக் கார்டுகள் நிஜக் காற்றாக இருக்கும்போது மேலே வாசிப்பது ஸ்பீக்கர் என்று எவருக்கும் தோன்றாது.

பிஸ்டன்களை (ஸ்டாப் சேர்க்கையை நினைவில் வைக்கும் பொத்தான்கள்) அமைக்கும்போது மூன்று நினைவு வரிசை வையுங்கள். ஒன்று வழக்கமான கலவை. இன்னொன்று குழாயே இல்லாமல் முழுக்க டிஜிட்டல். ப்ளோயர் நின்றாலோ ஒரு குழாய் ஒட்டிக்கொண்டாலோ ஆராதனை நடுவில் ஒரே அழுத்தில் அங்கே தாவலாம். மூன்றாவது, குழாய் மட்டும். டிஜிட்டல் பக்கமும் சில நாள் மௌன விரதம் இருக்கும். பாடல் எண் வரிசையும் பிஸ்டன் எண் வரிசையும் மூன்றிலும் ஒன்றாகவே இருக்கட்டும். பதற்றத்தில் விரல் பழக்கத்தைத்தான் கேட்கும்.

தாமதத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஒலி நொடிக்கு ஏறக்குறைய 343 மீட்டர் ஓடும். குழாய்கள் 20 மீட்டர் தள்ளி இருந்தால் உங்கள் காதுக்கு வர 58 மில்லிநொடி. பெரிய குழாய் பேச ஆரம்பிக்கவே இன்னும் சற்று நேரம் எடுக்கும். பக்கத்து ஸ்பீக்கரோ உடனே பேசும். குழாய் வரட்டும் என்று காத்து வாசித்தால் தாளம் இழுத்துக்கொண்டே போகும், சபையும் கூடவே இழுக்கும். விரலுக்கும் உள்ளே ஓடும் தாளத்துக்கும் வாசியுங்கள். வித்தியாசம் தாங்க முடியாத அளவு என்றால் டிஜிட்டல் பக்கத்தைத் தாமதப்படுத்தும் அமைப்பு உண்டா என்று பொருத்தியவரிடம் கேளுங்கள். அதைவிட நல்லது ஸ்பீக்கர்களைக் குழாய்களுக்குப் பக்கத்திலேயே, அதே உயரத்தில் வைப்பது.

ஏதாவது கெட்டால்

யாரும் தொடாமலேயே ஒரு ஸ்வரம் நின்று ஒலிக்கிறது. பதறாமல் முதலில் ஜெனரல் கேன்சல். நின்றுவிட்டால் கட்டையின் தொடர்பிலோ கட்டளையிலோ கோளாறு. அந்தக் கட்டையை இரண்டு மூன்று முறை வேகமாகத் தட்டிவிட்டால் பெரும்பாலும் விடும். கேன்சலுக்குப் பிறகும் ஒலித்தால் குழாயின் வால்வு மூடவில்லை. அடியில் தூசியோ, காந்தம் ஒட்டிக்கொண்டதோ. அப்போது ப்ளோயரை அணைத்து டிஜிட்டல் பிஸ்டன் வரிசைக்குத் தாவுங்கள். குழாய் மட்டும் உள்ள ஆர்கனில் இந்த வசதி கிடையாது. யாராவது உள்ளே ஓடிப்போய் அந்தக் குழாயைப் பிடுங்க வேண்டும்.

ஒரு குழாய் மட்டும் பேசவில்லை என்றால் அறைக்கு வெளியே நின்று காதைக் கொடுங்கள், வேறொருவர் கட்டையைத் தட்டட்டும். டிக் என்று சத்தம் வருகிறது, ஸ்வரம் வரவில்லை என்றால் குழாயின் வாயில் அடைப்பு. டிக்கே இல்லை என்றால் காந்தம், கம்பி அல்லது இயக்கும் பலகை. பழுதுபார்ப்பவரிடம் இந்த ஒரு வரியைச் சொன்னால் அவருக்குப் பாதி வேலை மிச்சம். குழாய்கள் எல்லாமே மௌனம் என்றால் தேடும் வரிசை: குழாய்ப் பக்கத்தை அணைக்கும் பொத்தான் அழுந்தியிருக்கிறதா, ப்ளோயர் ஓடுகிறதா, காந்தங்களுக்கு மின்சாரம் தரும் ரெக்டிஃபையரின் ஃப்யூஸ், கடைசியாகக் கன்சோலிலிருந்து போகும் கேபிள். முதலாவதுதான் அடிக்கடி நடப்பது.

எல்லாக் குழாயும் பேசுகின்றன, ஆனால் தொய்வாக என்றால் காற்றழுத்தத்தைப் பாருங்கள். எங்கள் ஆலயத்தில் ஒருமுறை மின்வயரிங் வேலை முடிந்த மறுநாள் ப்ளோயரைப் போட்டேன். மோட்டார் சத்தம் வழக்கம்போலத்தான். துருத்தி பாதிக்கு மேல் எழவில்லை. 4 அடியில் ஒற்றை ஸ்வரம் ஏதோ பேசியது. கார்டு பிடித்ததும் எல்லாம் சேர்ந்து கீழே சரிந்தது. காற்றுப்பெட்டியில் செருகியிருந்த யூ வடிவத் தண்ணீர்க் குழாயில் 75 மில்லிமீட்டர் வித்தியாசம் காட்ட வேண்டிய இடத்தில் 40-ஐத் தாண்டவில்லை. துருத்தியில் ஓட்டை தேடினோம், இல்லை. வடிகட்டியும் சுத்தம். அணைத்துவிட்டு மோட்டார் நிற்கும் தறுவாயில் டார்ச் அடித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, ப்ளோயர் கூட்டின் மேல் வார்த்திருந்த அம்புக்குறிக்கு எதிர்த்திசையில் தண்டு சுற்றிக்கொண்டிருந்தது. மூன்று ஃபேஸ் மோட்டாரில் இரண்டு கம்பி இடம் மாறினால் திசை திரும்பிவிடும். இந்த வகை விசிறி தலைகீழாகச் சுற்றினாலும் கொஞ்சம் காற்று தரும், அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. எலக்ட்ரீஷியன் வந்து கம்பியை மாற்றிப் போட்டதும் துருத்தி முழு உயரத்துக்கு எழுந்தது. மின்சார வேலை நடந்தால் அடுத்த முறை முதலில் அம்புக்குறியைப் பாருங்கள்.

குழாய்களுக்குள் நீங்களாகப் போக வேண்டாம். உலோகக் குழாய்கள் தகரமும் ஈயமும் கலந்தவை, விரல் அழுத்தத்துக்கே நசுங்கும். கையின் சூடு பட்டால் குழாயின் சுருதியும் நகரும். ஒரு குழாயைத் தொட்டுவிட்டு "சரிசெய்துவிட்டேன்" என்று வெளியே வருகிறவர், அது ஆறிய பிறகு திரும்பிக் கேட்க வேண்டும்.

அணைக்கும்போது முதலில் ஸ்டாப்புகளை உள்ளே தள்ளி, ப்ளோயரை நிறுத்தி, துருத்தி இறங்கும்வரை பொறுத்து, கடைசியில் கன்சோல். குழாய்கள் ஸ்வெல் பெட்டிக்குள் இருந்தால் அதன் கதவுகளைத் திறந்தே வைத்துவிட்டுப் போங்கள். உள்ளேயும் வெளியேயும் வெப்பம் சமமாகும், அடுத்த நாள் சுருதி சேர்ப்பது எளிது.

கன்சோலுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு வையுங்கள். தேதி, அறை வெப்பம், டியூனிங் குமிழ் எங்கே நின்றது, எந்த ஸ்டாப்பில் எந்த ஸ்வரம் மக்கர் செய்தது. சில மாதம் எழுதினால் இந்த வெப்பத்துக்கு இந்த எண் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். சுருதி பார்ப்பவர் வரும்போது அந்த நோட்டை அவர் கையில் கொடுங்கள். ஆராதனை நேரத்தில் அறை வழக்கமாக எந்த வெப்பத்தில் இருக்குமோ அதே வெப்பத்துக்கு அறையை முந்திய நாளே கொண்டுவந்து வைக்கச் சொல்வார், செய்யுங்கள். அவர் வேலை செய்யும்போது ஸ்பீக்கர் பக்கம் முழுவதும் அணைந்திருக்கட்டும். அவர் போன பிறகு டிஜிட்டலைப் புதிதாகச் சேர்த்து, அளவையும் பின்வரிசையிலிருந்து மறுபடி கேட்டு, கன்சோலின் அமைப்புகளை ஒரு நகல் எடுத்து வைத்துவிடுங்கள்.